முப்பத்தெட்டாவது கேட்

ஆகஸ்ட் ஏழாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். நல்ல வெயில். மேற்கே மலைப்பக்கம் இரண்டு மேகங்கள், இரண்டுமே மழைக்கு உதவாதவை. காற்று அறவே இல்லை. புத்தலப்பட்டைத் தாண்டிப் பாகாலா பக்கம் போகும் ரயில் பாதையின் ஓரத்தில், எழுபத்து நான்கு வயதான நானும் எழுபத்தெட்டு வயதான ஏகாம்பரமும் குனிந்து நின்று சரளைக் கல்லைக் கிளறிக்கொண்டிருந்தோம். அவர் கையில் குச்சி. என் கையில் குடை.

இருவர் வயதையும் கூட்டினால் நூற்று ஐம்பத்திரண்டு. இந்த வயதில் தண்டவாளத்தின் அருகே போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. சரளையில் கால் பிசகினால் கணுக்கால் போய்விடும். கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கலாம். காலையில் ரத்த அழுத்த மாத்திரை போட்டேனா என்பதும் சந்தேகமாக இருந்தது. மாத்திரை அட்டையில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், அவசரத்தில் எண்ணவில்லை.

"இங்கதான் சார். இந்த வேப்பமரத்துக்கு நேரா" என்றார் ஏகாம்பரம்.

"இதையே மூணாவது மரத்துக்குச் சொல்றீங்க."

"மரம் புதுசு புதுசா மொளச்சிக்கினு கீது. அதுக்கு நான் இன்னா பண்றது?"

அப்போது முதுகுக்குப் பின்னால் விசில் சத்தம் கேட்டது. ரயிலின் விசில் அல்ல, வாயில் வைத்து ஊதும் விசில். திரும்பினோம். காக்கிச் சீருடையில் ஒரு இளம்பெண், ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர், எங்களைப் பார்த்து வேகமாக வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட, தண்டவாளம் பராமரிக்கும் ஒரு டிராக்மேன், தோளில் சுத்தியலோடு.

எங்கள் கையில் குடையும் குச்சியும் எதற்கு, நாங்கள் தேடியது எதை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதிய எண்

இந்தத் தொடரில் ஐந்து வாரம் முன்பு, சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போன பழைய மீட்டர் கேஜ் பாதையைப் பற்றி எழுதியிருந்தேன். திருப்பதியில் நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவனாக இருந்தேன். வீடு சித்தூரில். முப்பத்தோரு வருடம் அந்த வண்டியில்தான் போய் வந்தேன். மாதம் ஒரு சீசன் டிக்கெட் என்று மொத்தம் முந்நூற்று எழுபத்திரண்டு. எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். அந்த அத்தியாயத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: "இந்தப் பாதையில் ஆள் போட்ட கேட் மொத்தம் முப்பத்தேழு. நானே என் கண்ணால் எண்ணியது."

அந்த வரி அச்சில் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி ஒருவர் என் வீட்டுக் கேட்டைத் தட்டினார். உயரமானவர். வெள்ளை வேட்டி, நீலச் சட்டை, சட்டைப்பையில் கண்ணாடிக்கூடு.

"சார்தான் ரயிலு கதை எழுதறதா?"

"கதை இல்லீங்க. நடந்தது."

"நடந்ததுன்னா என் கேட்டு எங்க போச்சு?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பத்திரிகையைப் பிரித்து, புத்தலப்பட்டுக்கும் பாகாலாவுக்கும் நடுவில் நான் போட்டிருந்த கேட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் குத்தினார். நான் எழுதியிருந்தது ஐந்து. அவர் ஆறு என்றார். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் இருந்தது அவருடைய கேட். அங்கே இருபத்தாறு வருடம் கேட்மேனாக இருந்தவர் அவர்.

"ஆள் இல்லாத கிராசிங்கா இருந்திருக்கும். அதை நான் சேர்க்கல" என்றேன்.

"ஆளு இல்லாமயா?" என்று தன் மார்பில் கை வைத்தார். "அப்ப நான் யாரு?"

அவரே தொடர்ந்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"என் மருமவன் ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ்ல வேலைக்குப் போய்க்கினு கீறான். நீ எழுதினத ஊட்ல எல்லாருக்கும் சத்தமா படிச்சான் சார். படிச்சிட்டு, 'மாமா, உன் கேட்டு கணக்குலயே இல்லியே, இருபத்தாறு வருசம் எங்க போய்க் குந்திக்கினு இருந்த?'ன்றான். ஊடே சிரிக்குது. என் பொண்ணு அந்தக் கேட்டு ரூம்லதான் பொறந்தா. அவளும் சிரிக்கிறா. நீ இல்லன்னு எழுதிட்டா அவ எங்க பொறந்தா, சொல்லு."

உள்ளேயிருந்து காபியோடு வந்த என் மனைவி, "ஒண்ணு கூட்டிப் போட்டா என்ன குறைஞ்சிடும்? பத்திரிகையில எடமா இல்ல?" என்றாள்.

கணக்கை அப்படிக் கூட்டக் கூடாது. வந்தவர் வருத்தப்படுகிறார் என்று ஒன்று கூட்டினால், நாளைக்கு வருத்தப்படுகிற இன்னொருவர் வருவார். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். பழைய உத்தரவுகளையெல்லாம் ஓய்வுபெறும்போதே ஆபீசில் கொடுத்துவிட்டாராம். பென்ஷன் புத்தகத்தில் 'கேட்மேன், பாகாலா செக்ஷன்' என்பதோடு சரி. எந்தக் கேட் என்று இல்லை. என்னிடம் இருந்த நில அளவைப் படத்தை விரித்தேன். அந்த இடத்தில் ஒரு வண்டிப்பாதை ரயில் கோட்டைக் குறுக்கே வெட்டுவது இருந்தது. ஆனால் வண்டிப்பாதை வெட்டுகிற இடத்தில் கேட் இருந்ததா, வெறும் பலகை இருந்ததா என்பதைப் படம் சொல்லாது. வரைந்தவன் நான்தான், எனக்குத் தெரியும்.

"என் கேட்டுக்குன்னு தனியா கைகாட்டி இருந்துது சார்" என்றார் ஏகாம்பரம். "ரெண்டு பக்கமும். சும்மா கிராசிங்குக்கு எவன் கைகாட்டி வைப்பான்? கம்பத்தோட அடி இன்னும் மண்ணுலதான் கீது. வந்து பாரு."

கம்பத்தின் அடியைக் காட்டினால் திருத்தம் போடுகிறேன் என்றேன். அப்படித்தான் அந்தப் புதன்கிழமை ஆட்டோ ஏறினோம்.

ஒரே சாவி

சித்தூரிலிருந்து ஆட்டோவில் போகும் வழியெல்லாம் ஏகாம்பரம் பேசிக்கொண்டே வந்தார். நான் முப்பத்தோரு வருடம் வண்டிக்குள் இருந்து பார்க்காததை நாற்பது நிமிடத்தில் வெளியிலிருந்து காட்டினார். கைகாட்டி என்பது கம்பத்தின் உச்சியில் ஒரு பலகைக் கை. அது நேராக நீட்டியிருந்தால் வண்டி நிற்க வேண்டும். சாய்ந்து இறங்கியிருந்தால் போகலாம். இது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது சாவி விஷயம்.

கேட்டைச் சாத்திப் பூட்டினால்தான் பூட்டிலிருந்து சாவி கையில் வரும். அந்தச் சாவியைக் கொண்டுபோய் லீவரில் போட்டுத் திருப்பினால்தான் லீவர் அசையும், கம்பி இழுபடும், கைகாட்டி இறங்கும். கை இறங்கியிருக்கும்வரை சாவி லீவரை விட்டு வராது. சாவி இல்லாமல் கேட் திறக்காது. கலெக்டரே ஜீப்பில் வந்து ஹாரன் அடித்தாலும் கேட்மேனால் ஒன்றும் செய்ய முடியாது; அவரிடம் சாவியே இருக்காது.

"அடிச்சாரா?" என்று கேட்டேன்.

"கலெக்டரு வர்ல. கல்யாண பஸ்ஸு ஒண்ணு வந்துது. மாப்பிள்ளயே எறங்கி வந்து கால்ல உயுந்தான் சார், 'அண்ணா, முகூர்த்தம் போவுது'ன்னு. சாவி லீவர்ல மாட்டிக்கினு கீது, என்னா செய்ய? 'நீ எழுந்திரு, பட்டு வேட்டி அழுக்காவுது'ன்னேன்."

"முகூர்த்தம் போச்சா?"

"போவல. அய்யரும் அதே பஸ்லதான் இருந்தாரு."

விளக்கு சமாச்சாரமும் சொன்னார். சாயங்காலம் ஏணியில் ஏறி மண்ணெண்ணெய் விளக்கைக் கைகாட்டியின் பின்னால் மாட்ட வேண்டும். கையோடு சேர்ந்து இரண்டு கண்ணாடிகள் அசையும். ஒன்று சிவப்பு, இன்னொன்று பச்சை. ஆனால் அந்தப் பச்சைக் கண்ணாடியைப் பகலில் கழற்றிப் பார்த்தால் அது நீலமாக இருக்குமாம். மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் அதனோடு சேரும்போதுதான் ரயில்காரர் கண்ணுக்குப் பச்சை. வர்ணம் குழைத்தே பிழைத்த எனக்கு இது தெரியாமல் போனதில் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

மொட்டைத் தலைகளும் மாங்காய்க் கூடைகளும்

கேட் என்றால் அந்தக் காலத்தில் ஒரு சின்னச் சந்தை. வண்டி வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே சாத்திவிடுவார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும், வேர்க்கடலை விற்கும், சண்டை நடக்கும், சமாதானம் ஆகும். மாங்காய்ப் பருவத்தில் இரண்டு பக்கமும் மாட்டுவண்டிகள் நிற்கும். ரயிலிலிருந்து எட்டிப் பார்த்தால் ஊரே பச்சைக் கூடைகளாகத் தெரியும். ஒரு முறை ஒரே கேட்டில் பத்தொன்பது வண்டி எண்ணினேன்.

வண்டிக்குள்ளே வேறு கணக்கு. திருப்பதியிலிருந்து சாயங்காலம் திரும்பும் பெட்டியில் மொட்டைத் தலைகளை எண்ணுவது என் வழக்கம். சந்தனம் பூசிய தலை தனி, பூசாத தலை தனி. குழந்தைகளுக்கு அரை. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் பெட்டியில் நாற்பத்தொன்றரை வந்தது. அந்த எண்ணைப் பிறகு எந்த நாளும் தாண்டவில்லை.

பிறகு அகலப் பாதை போட்டார்கள். பாதையை மேடாக்கினார்கள், வளைவுகளை நிமிர்த்தினார்கள். கைகாட்டிகள் போய் மின்விளக்குக் கம்பங்கள் வந்தன. ஆள் போட்ட கேட்டுகள் பல மூடப்பட்டு, பாதைக்கு அடியில் சுரங்க வழி வெட்டப்பட்டது. இப்போது யாரும் கால் மணி நேரம் நிற்பதில்லை. மழைக்காலத்தில் அந்தச் சுரங்க வழியில் முழங்கால் தண்ணீர் நின்றால் மட்டும் நிற்கிறார்கள். இதில் நல்லது எது, கெட்டது எது என்று நான் சொல்லப்போவதில்லை. அவசரமாக ஆஸ்பத்திரி போகிறவனுக்குச் சுரங்க வழிதான் நல்லது.

மோரும் எருமையும்

விசில் ஊதியபடி வந்த பெண் காவலரிடம் போகலாம்.

"தாத்தா, டிராக் மேல இன்னா வேலை ஒங்களுக்கு? வண்டி வந்தா காது கேக்குமா?"

"எனக்குக் கேட்கும். இவருக்குத்தான் கொஞ்சம் கம்மி" என்றேன்.

"யாருக்குக் கம்மி? இருபத்தாறு வருசம் வண்டி சத்தம் கேட்டுக்கினு இருந்த காது இது!" என்றார் ஏகாம்பரம்.

எங்கள் தலைமுடியைப் பார்த்துக் காவலருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "சரி, சரி. அத்துமீறி வந்ததுக்குக் கேஸ் போடணும். வயசானவங்க, விட்டுடறேன். கெளம்புங்க" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. குடையை விரித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தும் விட்டேன்.

டிராக்மேனுக்குத்தான் ஆவல் அடங்கவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும், பெயர் நாகராஜு என்று சட்டையில் இருந்தது. "இன்னாதான் தேடினீங்க?" என்று கேட்டார்.

"கைகாட்டிக் கம்பம்" என்றார் ஏகாம்பரம்.

"எந்தக் கைகாட்டி, மஜ்ஜிக கேட்டோடதா?"

நான் நடந்த இரண்டு அடியையும் திரும்பி நடந்தேன்.

"என்ன கேட்?"

"மஜ்ஜிக கேட்டு சார். எங்க நைனா இங்க கேங்ல இருந்தாரு. அவரு சொல்லுவாரு. நாங்க இன்னிக்கும் இந்த எடத்த அப்படித்தான் சொல்றோம். கம்பத்த அகலப் பாதை போட்டப்பவே அறுத்து எடுத்துனு பூட்டாங்க. அடிக்கல்லு இந்தச் சரளைக்குக் கீழ ரெண்டு அடியில கீது. குச்சியால கெளறினா வருமா?"

ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்த மலர்ச்சியை எழுத எனக்கு வராது. "கேட்டியா சார்! கேட்டியா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். குடை கீழே விழுந்தது.

"மஜ்ஜிகன்னா தெலுங்குல மோர். மோர் கேட்டுன்னு ஏன் பேர் வந்தது?" என்று கேட்டேன்.

உலுக்கல் நின்றது. ஏகாம்பரம் மேற்கே இருந்த இரண்டு மேகங்களையும் ஆராயத் தொடங்கினார்.

"நீங்களே சொல்லுங்க பெரியவரே" என்று நாகராஜு சிரித்தார்.

மெதுவாகத்தான் வந்தது. பெண் பிறந்தபோது ஏகாம்பரத்தின் மனைவிக்குப் பால் போதவில்லை. கேட் அறைக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு ஒரு எருமை வாங்கிக் கட்டினார். எருமை நல்ல எருமை. ஆனால் விசில் சத்தம் கேட்டால் காலை உதைத்துப் பாலைக் கொட்டிவிடும்; அதற்குப் பிறகு அன்றைக்கு மடியைத் தொடவிடாது. காலையில் கறக்கிற நேரமும் சித்தூர் வண்டி வருகிற நேரமும் ஒன்று. ஒரு மாதம் பார்த்தார். பிறகு ஒரு நாள் கைகாட்டியை இறக்காமல் வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தி, டிரைவரிடம் ஒரு செம்பு மோரை நீட்டி, விஷயத்தைச் சொன்னார்.

"கை எறங்கி இருந்தாலே கேட்டு சாத்தியாச்சுன்னு அர்த்தம் சார். அப்பால விசில் எதுக்கு? எருமைக்காவது புரியுது, விசில் ஊதுன்னு பாதையோரம் நட்டு வெச்ச போர்டுக்குப் புரியல. டிரைவருங்க நல்ல மனுசனுங்க. ஒத்துக்கினாங்க. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கினாங்க. அந்த எருமை போய், அதோட கன்னு வந்து, அதுவும் போன அப்பாலயும், கேட்டு மூடற வரைக்கும் இந்த எடத்துல ஒருத்தனும் விசில் ஊதல. வாரத்துல ரெண்டு நாளு மோரு வண்டியில ஏறும்."

சட்டப்படி அது தப்பு. அதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் சட்டம் நினைவுக்கு வரவில்லை. காதில் குப்பென்று சூடு ஏறியது.

ஏனென்றால் இதில் இன்னொரு குற்றவாளி உண்டு. இத்தனை வாரம் வாசகர்களிடம் மறைத்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

சித்தூரில் வண்டி ஏறியதும் நாங்கள் நான்கு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, முழங்கால்களின் மேல் ஒரு துண்டை இழுத்துப் பிடித்து, ரம்மி ஆடுவோம். தோற்றவர் திருப்பதியில் டீ வாங்க வேண்டும். புத்தலப்பட்டில் இரண்டாவது ஆட்டத்துக்குச் சீட்டுப் போடுவார்கள். அதிலிருந்து பாகாலா வரைக்கும் என் கண் சீட்டைவிட்டு அசையாது. கேட்டுகளை நான் கண்ணால் எண்ணவில்லை. காதால் எண்ணினேன். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ஒரு விசில் போர்டு இருக்கும். அதைக் கண்டால் டிரைவர் நீளமாக ஒரு விசில் கொடுப்பார். ஒரு விசிலுக்கு ஒரு கேட். எத்தனை முறை எண்ணினாலும் முப்பத்தேழுதான் வந்தது. எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து மாறாத எண் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். விசில் ஊதாத கேட் ஒன்று இருக்க முடியும் என்று தோன்றவே இல்லை.

சொன்னேன். ஏகாம்பரம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப என் கேட்ட நீ அழிக்கல."

"நீங்களே அழிச்சிருக்கீங்க. மோர் ஊத்தி."

"சீட்டாடிக்கினு இருந்துட்டு கண்ணால பாத்தேன்னு எழுதினது யாரு?"

நாகராஜு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். காவலர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"கேஸ் போடு பாப்பா"

சிரித்து முடித்ததும் ஏகாம்பரத்தின் முகம் மறுபடி சுருங்கியது. "இத நான் ஊட்ல போய்ச் சொன்னா மருமவன் நம்பமாட்டான் சார். 'ரெண்டு கெழமும் சேந்து கட்டின கதை'ம்பான். நாகராஜுவ நான் ஊட்டுக்கா இட்டுனு போவ முடியும்?"

எனக்கும் அதே சங்கடம்தான். நாகராஜு சொன்னதை நான் நம்பினேன். ஆனால் அச்சில் வந்த ஒரு எண்ணை வாய்வார்த்தையை வைத்துத் திருத்துவது எப்படி? எழுத்தில் ஏதாவது வேண்டும்.

ஏகாம்பரம் காவலரின் கையிலிருந்த அட்டையையும் அதில் செருகியிருந்த படிவத்தையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாப்பா, கேஸ் போட்டா எடம் எழுதுவீங்களா?"

"எழுதணும் தாத்தா. எந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல, எத்தனையாவது கிலோமீட்டர், பக்கத்துல இன்னா அடையாளம், எல்லாம் எழுதணும்."

"அடையாளத்துல கேட்டு பேர எழுதலாமா?"

"இந்த எடத்துக்கு வேற அடையாளமே இல்லியே" என்றார் நாகராஜு.

"அப்ப கேஸ் போடு பாப்பா."

காவலர் திகைத்துப் போனார். "விட்டுட்டேன்னு சொன்னேன்ல?"

"விடாத. தப்புன்னா தப்புதான். கோடு தாண்டி வந்தேன், ஒத்துக்கறேன். எழுது."

"ஒருத்தருக்கு மட்டும் எழுத முடியாது. ரெண்டு பேரும்தான் நின்னுக்கினு இருந்தீங்க. எழுதினா ரெண்டு பேரு மேலயும் எழுதணும்."

இப்போது மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னால் இரண்டு பேர். ஏகாம்பரம் பார்க்கவில்லை.

என் நிலையையும் கொஞ்சம் யோசியுங்கள். எழுபத்து நான்கு வருடத்தில் என் பெயரில் ஒரு வழக்கு கிடையாது. ஒரு அபராதம் கிடையாது. நூலகத்தில் ஒரு நாள் தாமதம் கிடையாது. முந்நூற்று எழுபத்திரண்டு சீசன் டிக்கெட்டில் ஒன்றுகூட ஒரு நாள் காலாவதியாக விட்டதில்லை. அலுவலகத்தில் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்ததில்லை. எண்ணிக்கைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பூஜ்யம்தான். அதை யாருக்கும் சொன்னதில்லை, தினமும் நினைத்துக்கொள்வேன்.

"பென்ஷனை நிறுத்திடுவாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல தாத்தா. கோர்ட்ல ஃபைன் கட்டினா முடிஞ்சிது."

"சம்மன் வீட்டுக்கு வருமா? பக்கத்து வீட்டுக்காரங்க பாப்பாங்களா?"

"தேதி நானே சொல்றேன். நேரா வந்துடுங்க."

ஏகாம்பரம் பாதையை விட்டு முறையாக ஒதுங்கி, முதுகை நிமிர்த்தி, பாகாலா பக்கம் பார்த்து நின்றார். இருபத்தாறு வருடம் பச்சைக் கொடி பிடித்து நின்றவர் நிற்கிற விதம் அது என்று பார்த்தவுடனே தெரிந்தது. நான் இல்லை என்று எழுதிய கேட்டில் அப்படி ஒருவர் நின்றிருக்கிறார். நான் துண்டுக்கு மேல் சீட்டு எண்ணியபடி தினம் இரண்டு முறை அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

"எழுதும்மா" என்றேன். "எழுத்துப் பிழை இல்லாம எழுது."

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாகாலா பக்கமிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் வந்தது. எல்லோரையும் பள்ளத்தில் இறங்கச் சொன்னார் நாகராஜு. எங்களைப் பார்த்த டிரைவர் கையை எடுக்காமல் விசிலை அழுத்திக்கொண்டே போனார். பதினெட்டுப் பெட்டி. புழுதி அடங்கியதும் ஏகாம்பரம் காதைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"எருமையும் இல்ல, கேட்டும் இல்ல. இப்ப ஊதறான் பாரு."

திருப்பதியில்

இரண்டு வாரம் கழித்துத் திருப்பதியில், ரயில்வே வழக்குகளைக் கேட்கிற கோர்ட். அன்றைக்கு மொத்தம் இருபத்திரண்டு பேர். டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள் பதினொன்று, படியில் தொங்கியவர்கள் ஐந்து, அனுமதி இல்லாமல் வண்டியில் சமோசா விற்றவர்கள் நான்கு, மிச்சம் நாங்கள். என் மனைவிக்குச் சொல்லாமல் வந்திருந்தேன். கிளம்பும்போது, "கோர்ட்டுக்கு அந்தக் கிழிஞ்ச காலர் சட்டையா? மாத்திக்கிட்டுப் போங்க" என்றாள். எப்படித் தெரிந்தது என்று இதுவரை தெரியவில்லை.

ஏகாம்பரம் குடும்பத்தோடு வந்திருந்தார். மருமகன் லீவு போட்டிருந்தான். பெண் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். சமோசாக்காரர்கள் எங்களைக் கல்யாண வீட்டார் என்று நினைத்து வழி விட்டார்கள்.

பெயர் கூப்பிட்டார்கள். எழுத்தர் தெலுங்கில் குற்றச்சாட்டை வேகமாக வாசித்தார். புத்தலப்பட்டு, பாகாலா நிலையங்களுக்கு இடையே, இத்தனையாவது கிலோமீட்டரில், பழைய மஜ்ஜிக கேட் அருகில், அனுமதியின்றி.

"இன்னொரு தபா படிங்க சாமி" என்றார் ஏகாம்பரம்.

மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சின்ன வயதுக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். "ஏன், புரியலையா?"

"நல்லாப் புரிஞ்சுது. அதான் கேக்கறேன்."

எழுத்தர் மறுபடி வாசித்தார், இந்த முறை மெதுவாக. கேட்டின் பெயர் வந்த இடத்தில் ஏகாம்பரம் திரும்பி, பின்வரிசையில் நின்ற மகளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஆமா நைனா, கேட்டேன்" என்பதுபோலத் தலையை ஆட்டினாள். மருமகன்தான் சத்தமாகச் சொல்லிவிட்டான்: "மாமா, கேட்டு கணக்குல வந்துட்டுது!" டவாலி உஷ் என்றார்.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கறேன்" என்றார் ஏகாம்பரம், ஏதோ பட்டம் வாங்குகிறவரைப் போல.

நானும் ஒத்துக்கொண்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது முறை சொல்ல வேண்டியதாயிற்று. ஆளுக்கு ஐந்நூறு ரூபாய். தப்பு என் எண்ணால் வந்தது, இரண்டையும் நானே கட்டுகிறேன் என்றேன். ஏகாம்பரம் என் கையைத் தள்ளிவிட்டு, வேட்டி மடியிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்தார். "என் கேட்டு. நான் கட்டுவேன்" என்றார். உத்தரவின் நகல் எடுக்கும் செலவை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்தார். இரண்டு நகல் வாங்கினோம். அவருடையது அன்றைக்கே கண்ணாடி போடப் போய்விட்டது.

ஆகவே வாசகர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். சித்தூரிலிருந்து திருப்பதி வரை பழைய பாதையில் ஆள் போட்ட கேட் முப்பத்தெட்டு. இதில் முப்பத்தேழு நான் காதால் எண்ணியவை. ஒன்றுக்குக் கோர்ட் உத்தரவு இருக்கிறது. அந்த ஒன்றைக் கூட்ட, அபராதமும் ஆட்டோவும் நகலும் சேர்த்து, எனக்கு ஆன செலவு எழுநூற்று நாற்பது ரூபாய்.